மூடி போட்டு எடுத்த படங்கள்

என் அண்ணன் பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறவர். ஊர் உலகம் வேண்டாமென்று தூக்கிப் போட்ட டிஜிட்டல் கேமராக்கள் அங்கே மூட்டையாக வந்து விழும். அவற்றில் உயிர் இருப்பதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பேட்டரி மூடிக்கு ரப்பர் பேண்ட், போன பட்டனுக்குப் பல்குத்தும் குச்சி. அண்ணிக்குத் தலையில் அடித்துக்கொள்வதே வேலை. அதையெல்லாம் வைத்து அவர் எடுப்பதோ வானத்தை மட்டும்தான். கிரகணம், வால்நட்சத்திரம் எதையும் விடமாட்டார்.

"புதுக் கேமரா எல்லாத்தையும் அழகுபடுத்திடும்டா. இதுங்க பாத்ததைப் பாத்தபடி சொல்லும்" என்பார்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், அதே வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அவரைக் கிண்டல் பண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மூன்று வாரம் முன்பு எரிகல் மழை வந்தது. கேமரா ஸ்டாண்டு காற்றில் ஆடாமலிருக்க, கடையிலிருந்து மூடி நசுங்கிய ஓர் உலோகக் குப்பியை எடுத்துவந்து நடுவில் கட்டித் தொங்கவிட்டார். "இத்தனூண்டு இருந்துக்கிட்டு எட்டுக் கிலோ காட்டுதுடா!" என்று அதைப் பற்றி ஒரே பெருமை.

மறுநாள் காலை படங்களைக் காட்டினார். வானம் முழுக்கப் பொடிப் பொடியாய் வெள்ளைப் புள்ளிகள்.

"கேமராவுக்குக் கண்ணுல பூ விழுந்திருக்குண்ணே" என்றேன்.

அவர் லென்ஸை மூடிவிட்டு எடுத்துப் பார்த்தார். அப்போதும் புள்ளி. "வயசான கேமராவுல புள்ளி வரும்தான். ஆனா வந்த எடத்துலயே வரணும். இது படத்துக்குப் படம் எடம் மாறுதே?" என்றார். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் படிப்பில் மண் விழ.

இரண்டாம் வாரம் அவருடைய ஐந்து வயது மகளுக்கு வாந்தி. பிறகு உள்ளங்கை சிவந்து கொப்புளம் கண்டது. சூடான பாத்திரத்தைத் தொட்டிருப்பாள் என்று நானே களிம்பு வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று மதியம் நான்கு கேமராக்களோடு மாடிக்கு வந்தார். நாலிலும் அதே கதையாம். என் எதிரிலேயே மூடி போட்டு எடுத்தார்.

"இங்க மாடியில புள்ளி கம்மியா இருக்கே!"

மூடி போட்ட கேமராவுக்குள் நுழைகிற வெளிச்சத்தை எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினேன். சமையலறையில் கொஞ்சம். கூடத்தில் அதிகம். குழந்தையின் அறைக்குள் எடுத்தபோது திரையில் கோலமாவைக் கொட்டியது போலிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் அந்த ஸ்டாண்டு, அதில் அந்தக் குப்பி.

"அண்ணி, வெளிய ஓடுங்க! எதையும் எடுக்காதீங்க!" என்று கத்தியபடி குழந்தையை வாரிக்கொண்டேன்.

தெருவில் நின்று போன் போட்டு, கதிர்வீச்சு என்று சொல்லி ஆம்புலன்ஸையும் தீயணைப்பு ஆட்களையும் வரச் சொன்னேன். அண்ணன் மகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"இவதான்டா தன் ரூம்ல வைக்கச் சொன்னா. தெனம் அந்தக் குப்பியைப் புடிச்சு ஊஞ்சலாட்டிக்கிட்டு இருப்பா. ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்காவது 'ஒன்றும் ஆகாது' என்று சொல்கிற வாய் இது. நான் தெருமுனையைப் பார்த்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளின் மூடிய கையை மெல்லத் திறந்து பார்த்தார்.

"சொல்லுங்க தம்பி, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்.