காயாத முகம்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலையில் இருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நாலைந்து ஊர் சுற்றி, அக்கா வீட்டில் வந்து ஒதுங்கிய ஆள். பக்கத்து டவுனான தானா ராத்தாவில் விளம்பரப் பலகை எழுதுகிற ஒருவருக்கு முகம் வரைய ஆள் தேவைப்பட்டது. கேட்டுப் போனேன். பழைய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ஐரோப்பிய ஓவியர் ஒருவர் வயதான காலத்தில் கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்த படம். பாதி முகம் இருட்டு.

"இந்தக் கிழவன ஆயில் பெயிண்ட்ல போட்டுக் கொண்டா. மூஞ்சி வந்துச்சின்னா தைப்பூசத்துக்கு அப்புறம் எங்கிட்ட சேந்துக்க லா."

தேயிலைப் பெட்டியின் பலகையில் தீபாவளி முடிந்ததும் ஆரம்பித்தேன். மூக்கை நான்கு முறை சுரண்டினேன். உதடு வந்தால் தாடை கோணியது. சாயம் கலக்கும் லின்சீட் எண்ணெய் பாதியில் தீர்ந்தது. டவுனில் கிடைக்கவில்லை. அக்காவின் தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கலந்தேன். அது காயவே காயாது என்று எனக்குத் தெரியாது. மழையும் பனியும்தான் காரணமென்று நினைத்து மலையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தான் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"யாருடா இது, பழைய துரையா? சம்பளம் புடிச்சவன் மூஞ்சி மாரியே இருக்கு."

"துரையோ எவனோ, சோத்துல கூட டர்பன்டைன் நாத்தம்டா தம்பி. மொதல்ல வெளிய கொண்டு போ," என்றாள் அக்கா.

கொண்டுபோய், கொழுந்து வாட்டும் மாடியில் சூடான காற்று வருகிற இடத்தில் மாட்டினேன். கொழுந்து எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கர் அன்றைய தேநீரைச் சுவைத்துப் பார்த்து, துப்பிவிட்டு நேரே மாடிக்கு ஏறி வந்தார்.

"டீ போடுறியா, பெயிண்ட் கடை வைக்கிறியா?"

அன்றே விறகு பிளக்க அனுப்பினார். படம் அப்போதும் காயவில்லை.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்படியே பஸ்ஸில் எடுத்துப் போனேன். இறங்குவதற்குள் கிழவனின் தொப்பி என் சட்டைக்கு வந்துவிட்டது. பலகைக்காரர் கன்னத்தில் விரலை வைத்து, மோந்து பார்த்துச் சிரித்தார்.

"தேங்கா எண்ணெயா? கறி சமைச்சியாடா?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இடது கண்ணு வந்துருச்சி லா. நானே இவ்ளோ போட மாட்டேன். ஆனா ஒட்டுற படத்த எவன் வாங்குவான்? எல்லாத்தையும் சுரண்டிட்டு இன்னொருக்கா போட்டுக் கொண்டா."

ஒரு சின்ன புட்டியில் சரியான எண்ணெயும் கொடுத்தார்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து சுரண்டினேன். மூன்று மாத வேலை கால் மணி நேரத்தில் கத்தியோடு வந்தது. கண்ணைக் கடைசியாக விட்டுவைத்தேன். அதையும் எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது படம் ஒழுங்காகக் காய்ந்தது. மூக்கு முதல் தடவையிலேயே நின்றது. அந்தக் கண்ணை மட்டும் இருபது தடவையாவது போட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு கிழவன் சும்மா முழித்துக்கொண்டிருந்தான். தைப்பூசம் முடிந்து பத்து நாள் கழித்துக் கொண்டுபோனபோது, பலகைக்காரர் கடையில் ஈப்போவிலிருந்து வந்த ஒருவன் ஏணியில் நின்று ஒரு நடிகையின் முகத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் போட்டான்.