அத்தை மெயினை அணைத்த மத்தியானம்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் என் அத்தை தறிப்பட்டறை நடத்திவந்தாள். பள்ளி விடுமுறை விட்டதும் என்னை அங்கே கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். விசைத்தறிகள் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். பட்டறைக்கு வெளியேகூட யாராவது எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினால் அத்தைக்குப் பிடிக்காது. "மூஞ்சியப் பாத்துப் பேசு சாமி" என்பாள். சோற்றுத் தட்டைப் பார்த்தே பேசிப் பழகிய எனக்கு அது பெரிய தொல்லை. மரியாதையில் அவ்வளவு கறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் உச்சி வெயிலில், பாவு பிணைக்கும் அக்கா அத்தையின் முன்னால் வந்து நின்றாள். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்ததும், புதுப் பாவின் இழைகளை அதோடு முடிச்சுப் போடுவது அவள் வேலை. காலையில் தறிகள் ஓடுவதற்கு முன்பே வந்து, பின்சுவரோரம் தனியாக உட்கார்ந்திருப்பாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அத்தை கண்ணெடுக்காமல் கடைசிவரை அவளைப் பார்த்தாள். பிறகு நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். எல்லாத் தறியும் நின்றது.

கரண்ட் போனால் பட்டறை கலகலப்பாகிவிடும். அன்று எல்லோர் கண்ணும் பின்சுவர்மேல் இருந்தது.

மாமாதான் ஓடிவந்தார். "பேயி பிசாசுன்னு அவ ஒளறுனா நீயும் தறிய நிறுத்திப் போடுவியா? பொழுதோட லோடு ஏத்தோணும்!"

அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. "மறுக்காச் சொல்லு அம்மிணி."

"பின்சுவத்துக்குள்ள ஆரோ மொனகறாங்கக்கா. தெனமும் காலைல கேக்குது."

அத்தை ஒவ்வொரு தறியாகப் போனாள். "உனக்கு?" என்று கேட்டுவிட்டு, குனிந்தவர்களின் தாடையை நிமிர்த்திக் காத்திருந்தாள். "கேட்டுச்சுங்கக்கா. சிரிப்பீங்கன்னு சொல்லலீங்க" என்று ஒருவர் பின் ஒருவராக ஒத்துக்கொண்டார்கள்.

அப்போது எனக்கும் கேட்டது. தரைக்கு அடியில் யாரோ தொண்டை அடைத்து மூச்சை இழுப்பது போல இருந்தது. மாமா சுவரை விட்டுப் பின்வாங்கினார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள் அத்தை.

நாங்கள் ரோட்டுக்கு வந்த சற்று நேரத்தில் பின்சுவர் மொத்தமும் உள்வாங்கி உட்கார்ந்தது. பாவு பிணைக்கும் அக்கா உட்காரும் இடம் செங்கல்லுக்கு அடியில் போயிருந்தது. அவள் வெறுமனே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்குப் பின்னால் எப்போதோ மூடிய கிணறு, அதில் மண் இறங்கிய சத்தம் என்று மாமா எல்லோருக்கும் விளக்கினார். மண் ஏன் மனுஷர் குரலில் முனக வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை.

அத்தை எங்களுக்கு முதுகு காட்டி, புழுதியைப் பார்த்து நின்றிருந்தாள். "அத்த, உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சுங்களா?" என்று கத்தினேன். தறி எதுவும் ஓடவில்லை. ரோட்டில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை மட்டும் திரும்பவில்லை.

இன்னொரு தரம் கூப்பிட்டேன். அப்போதும் அசையவில்லை. என்மேல் கோபமாக்கும் என்று அழுதேன். வருஷக்கணக்கில் தறிச் சத்தத்தில் நிற்பவர்களுக்குக் காது போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.