ஈயம் வைத்த ஆர்மோனியம்

பழைய ஆர்மோனியப் பெட்டிகளை வாங்கி, பழுது பார்த்து விற்பதுதான் எழுபதுகளின் கடைசியில் என் பிழைப்பு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நுழைந்து நின்றது என் கடை. பெட்டி கிடைக்காத மாதங்களில், லப்பைக்குடிக்காட்டுக்காரர்கள் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர்களைத் திறந்து துடைத்துக் கொடுப்பேன். அதை வைத்து யாராவது என்னை ரேடியோ மெக்கானிக் என்று சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த வயதில் எனக்குக் கோபம் வராத விஷயம் எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை.

என் காதைப் பற்றி எனக்கு அவ்வளவு தலைக்கனம். ஒரு ரீடு மயிரிழை பிசகினாலும் பிடித்துவிடுவேன். போதாததற்கு, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகச் சாமான்களோடு ஏலத்தில் வந்த இசைக்கவை ஒன்றும் என்னிடம் இருந்தது. தட்டி மரத்தில் வைத்தால் ஐந்து கட்டைச் சுருதியில் நிற்கும். கட்டை என்பது பாடுகிறவரின் சுருதிக்கு நாங்கள் சொல்லும் அளவு. எண் கூடக் கூடக் குரலும் மேலே போக வேண்டும். நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர் ஐந்து கட்டையில் பாடினால்தான் மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்டது. மைக் வந்த பிறகும் அந்தக் கணக்கை யாரும் விடவில்லை. 'அஞ்சு கட்டைக்காரர்' என்றால் அதற்கு மேல் பட்டம் வேண்டாம்.

ஓர் ஐப்பசி மாதம், குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் ஆள் சொல்லி அனுப்பினார். அவருடைய கணவர் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார். போய்ப் பார்த்தேன். உலகச் சண்டைக்கு முன்னால் வந்த ஜெர்மன் ரீடு போட்ட பெட்டி. துருத்தித் தோல் மட்டும் கிழிந்திருந்தது. அந்த அம்மாள் பெட்டியை என் கையில் கொடுக்கும்போது, 'அவரு வச்சது வச்சபடி இருக்கட்டும் தம்பி' என்றார். புருஷன் போன துக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்து, சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

கடைக்கு வந்து திறந்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஒவ்வொரு ரீடிலும், காற்றில் அதிர வேண்டிய பித்தளை நாக்கின் நுனியில், ஒரு பொட்டு ஈயம் பற்றவைத்திருந்தது. நுனியில் பாரம் ஏறினால் சுருதி இறங்கும். இது இந்தத் தொழிலில் முதல் நாளே தெரிந்துகொள்வது. பெட்டி முழுக்க அரைக் கட்டை இறங்கிக் கிடந்தது. அதுவும் ஒரே தடவையில் செய்ததல்ல. அடியில் கறுத்துப்போன பழைய பொட்டு, அதன்மேல் வெளுத்த புதுப் பொட்டு. ஒருமுறை கெடுத்தது போதாதென்று இன்னொரு முறையும் கெடுத்திருக்கிறான் மடையன் என்று, செத்தவர் என்றுகூடப் பார்க்காமல் வைதேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்து அத்தனை ஈயத்தையும் சுரண்டி எடுத்தேன். ஆட்டுத்தோல் மாற்றினேன். கடைசியில் இசைக்கவையைத் தட்டி வைத்து ஐந்தாம் கட்டையை அழுத்தினால், இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே நாதமாக நின்றது. அன்றைக்குப் போல நான் என்னை மெச்சிக்கொண்ட நாள் வேறில்லை.

பெட்டி என்னிடம் இருப்பதைக் கேள்விப்பட்டு ராஜபார்ட் வந்தார். இருபது வருஷம் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ராஜா வேஷம் கட்டியவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார், முடிக்கு மை போட்டிருந்தார். வேறு பெட்டிக்குத் தான் ஒருநாளும் பாடியதில்லை என்றார். நாடகத்துக்கு எங்கிருந்து அழைப்பு வந்தாலும், 'அவன் வந்தா நான் வரேன்' என்று சொல்லித்தான் வெற்றிலை பாக்கு வாங்குவாராம். அவன் போய்விட்டான், பெட்டியாவது கூட இருக்கட்டும் என்றார். பெட்டியை எவ்வளவு சுத்தமாகச் சுருதி சேர்த்திருக்கிறேன் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மாசித் திருவிழாவில் வேப்பந்தட்டைப் பக்கம் அவருக்கு நாடகம். அரியலூரிலிருந்து ஒரு புது ஆள் ஆர்மோனியத்துக்கு வந்தான். நான் போகவில்லை. மறுநாள் டீக்கடையில் பேசிக்கொண்டதைத்தான் கேட்டேன். ராஜபார்ட் திரைக்குள்ளிருந்து பாடிக்கொண்டே மேடைக்கு வர வேண்டும். மேல் ஸ்தாயிக்குப் போகிற வரியில் குரல் உடைந்தது. புது ஆள் திரும்ப எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் உடைந்தது. மூன்றாவது தடவை ஜனங்களே சிரித்துவிட்டார்களாம். கிரீடத்தைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனாராம்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டியோடு கடைக்கு வந்தார். பெட்டியில் ஏதோ கோளாறு, தொண்டையை இழுத்துப் பிடித்துக் கிழிக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றார். ரொம்பத் தணிவாகத்தான் கேட்டார். எனக்கோ என் வேலையைக் குறை சொன்னதுதான் காதில் விழுந்தது. இசைக்கவையை எடுத்துத் தட்டி அவர் காதுப்பக்கம் பிடித்தேன். பிறகு பெட்டியின் ஐந்தாம் கட்டையை அழுத்தினேன். ஒன்று போலக் கேட்டது. உரக்கடைக்கு வந்த நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'பெட்டி சரியாத்தாண்ணே இருக்கு. கோளாறு ஒங்க தொண்டைல' என்றேன்.

அவர் கவையைக் கையில் வாங்கி, அதில் ஏதோ எழுதியிருக்கிறது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பெட்டியை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். இதையெல்லாம் எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

சித்திரையில் ஆர்மோனியக்காரரின் மனைவி என்னைத் தேடி வந்தார். ராஜபார்ட் தன்னைத் தேடி வந்த நாடகத்தையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் காவலுக்குப் போய்விட்டார் என்று சொன்னார். பெட்டியில் இருந்த ஈயத்தை எடுத்துவிட்டாயா என்று நேராகக் கேட்டார். எடுத்தேன் என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவரே விவரம் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ராஜபார்ட்டின் குரல் மேலே போக மறுத்திருக்கிறது. கீழே இறக்கி வாசிக்கலாம்தான். ஆனால் ஆர்மோனியக்காரரின் விரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ராஜபார்ட் வாய் திறப்பார். நாலரைக் கட்டையில் விரல் இருந்தால் அன்றைக்கே வேஷத்தைக் கழற்றிவிடுவார். அதனால் இவர் விரலை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியையே இறக்கிவிட்டார். மிருதங்கமும் பெட்டிக்குத்தானே சுருதி சேர்க்கும், கேட்பாரில்லை. நாலு வருஷம் கழித்துக் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கியபோது, இன்னொரு பொட்டு.

'அடுப்படில ஒக்காந்து ஈயத்த உருக்குவாரு தம்பி. ஒரு வார்த்த வெளிய போகக்கூடாதும்பாரு. அதான் ஒங்ககிட்டயும் வெவரம் சொல்லல.'

நான் மடையன் என்று வைத ஆள், என்னைவிடப் பத்து மடங்கு காது உள்ளவர். ஒரு மனுஷனின் தொண்டை எங்கே நிற்கும் என்று அளந்து, அந்த அளவுக்கு எண்பத்து நாலு ரீடையும் இறக்கியிருக்கிறார். அந்த அளவை நான் குப்பையில் கொட்டியிருந்தேன்.

திரும்பவும் ஈயம் வைத்தேன். எடுப்பதற்குப் பத்து நாள் ஆனது. வைப்பதற்கு ஒரு மாதம் ஆனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறி, அங்கிருந்து கல் லாரியில் தொற்றிக் குவாரிக்குப் போனேன். தகரக் கொட்டகையில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முடிக்கு மை போடுவதை விட்டிருந்தார். சுண்ணாம்புத் தூசியும் நரையுமாக எது எது என்று தெரியவில்லை. பெட்டியில்தான் தப்பு இருந்தது, அன்றைக்கு வாய்க்கொழுப்பில் பேசிவிட்டேன், இப்போது சரிசெய்துவிட்டேன் என்றேன். பாதி பொய், பாதி நிஜம்.

ரொம்ப நேரம் வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஐந்தாம் கட்டையில் விரலை வைத்து, துருத்தியை அசைத்து, மெதுவாக ஒரு வரி எடுத்தார். உடைந்த அதே வரிதான். மேலே போனது. நின்றது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

'அன்னிக்குத் தட்டுனீங்களே, அந்தக் கவய எடுங்க' என்றார்.

அது எப்போதும் என் பையில்தான் இருக்கும். கொண்டுவரவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் முகம் அதற்குள் சொல்லிவிட்டது. பையில் அவரே கைவிட்டு எடுத்து, முட்டியில் தட்டிப் பெட்டியின் மரத்தில் வைத்தார். மறு கையால் ஐந்தாம் கட்டையை அழுத்தினார். இரண்டும் சேரவில்லை. நான் கடையில் அவருக்குச் செய்துகாட்டிய அதே சோதனை.

'எத்தன வருசமா எறக்கி வச்சிருந்தான்?'

'எட்டு வருசங்கண்ணே.'

வெளியே லாரி ஒன்று கல் கொட்டி முடித்தது.

'அவன் உசுரோட இருந்தா ஓங்கி ஒண்ணு வுட்டுட்டு, கட்டிப்புடிச்சு அழுவேன்' என்றார். 'இப்ப நான் யாரப் போயி அடிக்கறது?'

என்னை அடித்திருக்கலாம். கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். அவர் துருத்தியை மூடி, கொக்கியை மாட்டி, பெட்டியை என் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டு போய் யாருக்காவது விற்றுவிடச் சொன்னார். மூன்று வருஷம் அந்தக் குவாரியிலேயே காவல் இருந்து, இருமி இருமிச் செத்தார். இடையில் அவர் ஒரு வரி பாடியதாக யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியைப் பஜனை கோஷ்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்து கேட்டார்கள். வாசித்துப் பார்த்துவிட்டு, சுருதி அரைக் கட்டை குறைகிறதே, சரிபண்ணிக் கொடுங்கள் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். பெட்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.