ஒரே சஹனில் இரண்டு கயிறு

என் மாமா கரைவலைக்குத் தண்டயலானபோது எனக்கு எட்டு வயது. வலையில் வேலை செய்பவர்களின் தலைவரை எங்கள் கரையில் அப்படித்தான் அழைப்பார்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. உம்மாவின் தம்பியான அவருக்கு அப்போது இருபத்தாறு வயதுதான். அந்த வாரம் முழுவதும் நான் பள்ளிக்கூடத்தில் தரையில் கால் படாமல்தான் நடந்தேன்.

வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டால், அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். வடகயிற்றில் பன்னிரண்டு பேர், எல்லாரும் கல்முனைக்குடிக்காரர்கள். தென்கயிற்றில் பன்னிரண்டு பேர், எல்லாரும் அடுத்த ஊரான சாய்ந்தமருதுக்காரர்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தால்தான் நடுவில் பைபோலிருக்கும் மடி நேராக வரும், மீன் தங்கும். இவர்களோ தங்கள் கயிறே முதலில் கரையேற வேண்டும் என்று போட்டி போட்டார்கள். வலை சரிந்து, பிடிபட்ட மீனில் பாதி வந்த வழியே திரும்பிவிடும். பிறகு ஒரு பக்கம் மறுபக்கத்தைத் திட்டுவதிலேயே பகல் போகும். மாமாவுக்கு முன்பிருந்த இரண்டு தண்டயல்மாரும் இதனால்தான் வெறுத்துப்போய் விலகினார்கள். இந்தப் பருவமும் இப்படியே போனால் வலையைப் பொத்துவிலுக்கு விற்றுவிடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். விற்றால் இருபத்துநான்கு பேருக்கும் தொழில் இல்லை.

வடகயிற்றின் முன்னால் நின்றவர், தண்டயல் வேலை தனக்கே கிடைக்கும் என்று காத்திருந்த ஒரு மூத்தவர். இழுப்புக்கு அவர் பாட்டெடுத்தால் கடலோசையை மீறிக் கேட்கும். அது காதில் விழக்கூடாது என்பதற்காகவே தென்கயிற்றுக்காரர்கள் வேறொரு பாட்டை வேறு தாளத்தில் பாடுவார்கள்.

முதல் வாரம் மாமா யாரையும் ஏசவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையில் இங்கும் அங்கும் நடந்தார். "உன்ட மாமா சும்மாதானே நடக்காரு" என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். அவளோடு சண்டைபிடித்துச் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வலை இறங்காது. அன்று ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மாமா எல்லாரையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். உம்மா விடிந்ததிலிருந்து சோறும் இறைச்சியும் சமைத்தார். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் பெரிய சஹன்கள் நான்கு. வந்தவர்கள் கடற்கரையில் நிற்பதுபோலவே வடக்கும் தெற்குமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

மாமா ஒவ்வொரு சஹனாகப் போய், "இதுல மூணு பேர் எழும்பி அங்கால போங்க. அங்கால இரிக்கிற மூணு பேர் இங்க வாங்க" என்றார். ஒருவரையொருவர் பார்த்தார்கள். சோற்றுக்கு முன்னால் சண்டைபிடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. மாமா அந்த மூத்தவரின் சஹனில் ஏழாவது ஆளாக நெருக்கி உட்கார்ந்து, நல்ல எலும்பாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினார். கதவோரம் நின்ற நான் கண்வைத்திருந்த எலும்பு அது.

சாப்பாடு முடிகிற நேரம் மாமா சொன்னார்: "நாளைக்கு ரெண்டு சஹன் வடக்கால, ரெண்டு சஹன் தெக்கால. ஒண்டாத் திண்டவங்க ஒரே கயித்துல."

பிறகு, அண்ணன் முறையில் காக்கா என்று எல்லாரும் அழைக்கும் அந்த மூத்தவரிடம் திரும்பினார். "காக்கா, நீங்க நடுவுல நிண்டு ரெண்டு பக்கத்துக்கும் பாடுங்க. உங்கட இடத்துல நான் இழுக்கன்."

"நான் பாடினா சாய்ந்தமருதுக்காரன் இழுப்பானா?" என்று கேட்டார் அவர்.

எதிரில் விரலைச் சூப்பிக்கொண்டிருந்த சாய்ந்தமருது இளைஞன் ஒருவன், "நீங்க பாடுங்க காக்கா, இழுக்கிறத நாங்க பாத்துக்கிறம்" என்றான்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. வலை முன்பைவிட மோசமாகச் சரிந்தது. இரண்டு பேர் கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாமா அன்று பின்னேரம் அவர்களுடைய வீடுகளுக்குப் போய்வந்தார். என்ன கதைத்தார் என்று தெரியாது. அடுத்த நாள் இருவரும் வந்திருந்தார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை நானும் கரையில் நின்றேன். மூத்தவரின் பாட்டு ஒன்றுதான் கேட்டது. இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் காலூன்றி, ஒரே நேரத்தில் பின்வாங்கின. மாமா வடகயிற்றில் உடம்பைச் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தார். மடி சரியாமல் நேரே வந்தது. பாரம் தாங்காமல் சிலர் மார்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்க வேண்டியதாயிற்று. கரை முழுக்கக் கீரி மீன் வெள்ளியாய்த் துள்ளியது.

முதலாளி சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டு வந்தார். "ஆர் இந்த ஆக்கள இப்பிடிச் சேத்த?" என்றார்.

உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்த மாமா, மூத்தவரைக் காட்டினார். "எல்லாம் காக்காட பாட்டுத்தான் முதலாளி."

எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் ஓடிப்போய், "இல்ல, எங்கட மாமாதான்" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மூத்தவர் மட்டும் சிரிக்காமல் குனிந்து, என் தலையில் ஈரக் கையை வைத்தார்.

"ஓம் மகள்," என்றார் மெதுவாக, "அது எங்க எல்லாருக்கும் தெரியும்."

கிடைத்த பெயரை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாரே என்று வீடு வரும்வரை நான் மாமாவோடு கதைக்கவில்லை. அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி முன்னால் நடந்தார். இருபத்துநான்கு பேருக்கும் தெரிந்த ஒன்றை முதலாளிக்குச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு ஏன் இருக்கவில்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.