தணல் சட்டியும் மூடிய அறையும்

மூத்த மகள் பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். தினமும் கணவர் வேலைக்குப் போனதும் பக்கத்து வீட்டு அக்கா வந்து குழந்தையைக் குளிப்பாட்டி, தணல் சட்டியில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவார். அன்று நல்ல மழை. ஈரக்காற்று ஆகாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, கரியையும் கூடுதலாகவே போட்டார். மறுத்துப் பேச எனக்குத் தயக்கம்.

சிறிது நேரத்தில் தலை வலித்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பால் கொடுக்க எடுத்தால் குழந்தை வாய் வைக்கவில்லை. துவண்டு கிடந்தாள்.

“அக்கா, இவ ஒரு மாதிரியா இருக்கா.”

“குளிச்ச அசதி. நல்லாத் தூங்குறா, எழுப்பாதே.”

“உங்களுக்குத் தலை வலிக்குதா?”

“ஆமா, லேசா. மழைக்கு வலிக்கும் லா.”

மூன்று பேருக்கும் ஒரே நேரத்திலா? பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. கரி அரைகுறையாக எரிந்தால் மணமில்லாத நச்சுவாயு வரும். இரத்தத்தின் சிவப்புப் பொருள் ஆக்ஸிஜனைவிட அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் அந்தப் பிடி நிரந்தரமல்ல. எந்த வாயு எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதைப் பொறுத்து வினை சாயும் பக்கம் மாறும். அந்தச் சாய்வின் அளவுக்குக் கட்டிலா ஆற்றல் மாற்றம் என்று பெயர் என்பதையும், பொருளின் இயல்போடு செறிவையும் சேர்த்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பின்னாளில் படித்தேன். அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: நச்சு குறைய வேண்டும், ஆக்ஸிஜன் கூட வேண்டும்.

கதவைத் திறந்து குழந்தையோடு வராந்தாவுக்கு ஓடினேன்.

“அடியே, பச்சைப் புள்ளைய மழையிலயா கொண்டு போறே? படிச்சவளுக்குப் புத்தி இப்படியா போகும்!”

“நீங்களும் வெளிய வாங்க அக்கா. சட்டியை அணைச்சிட்டு வாங்க.”

என் குரலில் இருந்த அதட்டல் எனக்கே புதிது. அக்கா தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் நினைத்தது தவறாக இருந்தால்? குளிர் தாக்கினால்? குழந்தையை முந்தானையால் போர்த்தி மார்போடு அணைத்து, ஒவ்வொரு மூச்சாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து விரல்கள் அசைந்தன. பிறகு வீறிட்டு அழுதாள். வாய் வைத்ததும் ஆவலாகக் குடித்தாள்.

“பசி வந்துருச்சு. இனி உள்ள போலாம்” என்றார் அக்கா.

“இன்னும் கொஞ்ச நேரம் அக்கா. இறுகப் பிடிச்சது மெதுவாத்தான் விடும்.”

மழை விட்டும் நான் எழுந்திருக்கவில்லை.