என் வீட்டுக்காரர் சாதுவான கதை

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டுக்காரர் என்னைத் திட்டினார்.

"இது தேத்தண்ணியா, மாட்டுக்கு வைக்கிற கழனித்தண்ணியா? முப்பது வருசமா தேயிலை ஃபேக்டரியில வேலை பாக்குறவனுக்குக் குடுக்குற தேத்தண்ணியா இது?"

நான் அடுப்போரம் நின்று அழுதேன். சந்தோஷத்தில்.

இருங்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் தேவராஜை நன்றாகவே தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியே பழகியவர். வீட்டில் மெஷின் இல்லை என்பதை இதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. உப்பு குறைந்தால் சத்தம், கேட் திறந்திருந்தால் சத்தம், நான் போனில் பேசினால் அதற்கும் ஒரு சத்தம். அவருடைய கோபத்தை வைத்தே இந்த இடத்தில் நான் எத்தனை வாரம் ஓட்டியிருக்கிறேன்…

அந்தக் கோபம் குறைய வேண்டும் என்று போன வருடக் கடைசியில் உபவாச ஜெபம் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாடு கிடையாது. நம்ப மாட்டீர்கள் — நாலைந்து மாதத்தில் ஆள் மாறிவிட்டார்.

வேலை விட்டு வந்தால் சோபாவில் சாய்ந்துவிடுவார். கொடுத்ததைச் சாப்பிட்டார். தினமும் ஷேவ் பண்ணுகிறவர் வாரத்துக்கு ஒரு தடவை பண்ணினார். பிளேடு மிச்சம் என்று நினைத்தேன். வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, "குளிருது புள்ள" என்றார். கேமரன் மலையில் குளிராமல் வியர்க்கவா செய்யும்?

திரிங்காப் கடைத்தெருவில் நடந்ததுதான் உச்சம். ஓரமாக நின்ற காய்கறி லோரியில் எங்கள் காரை உரசிவிட்டார். இறங்கிப் போய், "பக்கத்துல நின்னது கண்ணுக்கே தெரியலப்பா, மன்னிச்சிக்க" என்றார். என் வீட்டுக்காரர். லோரிக்காரரிடம். மன்னிப்பு. இது அற்புதம்தான் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எங்கள் சபையில் அது வழக்கம் — ஜெபத்துக்குப் பதில் கிடைத்தவர்கள் அதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். லோரி கதை வரை விலாவாரியாகச் சொன்னேன். எத்தனை வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தீர்கள் என்று பெண்கள் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். அதோடு விட்டேனா? இந்தப் பத்தியிலும் எழுதினேன். "எங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுங்க" என்று உங்களில் எத்தனை பேர் எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு வாரம் போனது. ஒரு சனிக்கிழமை காலை, தோசையைப் பிய்த்தவர் அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டார். கட்டையால் அடித்த மாதிரி வலிக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். வலது கண்ணின் இமை தானாகத் தொங்கியது.

"நீ ரெண்டு பேரா தெரியுற, புள்ள."

காற்றுப் பிடித்திருக்கும் என்று மருந்தெண்ணெயை எடுத்துத் தேய்த்தேன். அப்போதுதான் மெதுவாகக் கேட்டார், "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" மெஷினில் விரல் நசுங்கியபோதுகூட ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சண்டை போட்டவர் அவர். எண்ணெய்ப் புட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கைப்பையை எடுத்தேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் பயங்கரமாக இறங்கியிருந்தது. டிரிப் போட்டு, ஆம்புலன்ஸில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்த பிறகு, என் மகள் வயதில் ஒரு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்கினார்.

"ஆண்ட்டி, மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. மத்த சுரப்பிக்கெல்லாம் அதுதான் கங்காணி. அங்கிளுக்கு அதுல ரொம்ப நாளா ஒரு கட்டி வளர்ந்திருக்கு. கேன்சர் இல்ல. ஆனா இன்னிக்குத் திடீர்னு அதுக்குள்ள ரத்தம் கசிஞ்சு வீங்கிருச்சு. கண்ணுக்குப் போற நரம்ப அமுக்குது. உயிருக்கே வேண்டிய ஒரு ஹார்மோனும் நின்னு போச்சு, அதான் பிரஷர் எறங்கிருச்சு. அதுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சு. அடுத்து மூக்கு வழியா ஆப்பரேஷன்."

"பார்வை திரும்புமா டாக்டர்?"

"சீக்கிரம் பண்ணா வாய்ப்பு இருக்கு. இப்ப உறுதியா சொல்ல முடியாது."

பிறகு அவர் கேள்வி கேட்டார். கொஞ்ச மாதமாகச் சோர்வாக இருந்தாரா? குளிர் தாங்கவில்லையா? தாடி வளர்வது குறைந்ததா? பக்கவாட்டில் இருப்பது தெரியாமல் இடித்தாரா? ஆள் ரொம்ப அமைதியாகிவிட்டாரா?

"எல்லாம் இருந்துச்சு டாக்டர்," என்றேன். "நான் அதுக்குச் சபையில சாட்சியே சொல்லிட்டேன்."

முழுக்கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோபப்படவும் உடம்புல தெம்பு வேணும்லா, ஆண்ட்டி" என்றார்.

ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். மனிதர் என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துகொண்டிருந்தார். நான் அதற்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, அவர் கத்தட்டும், கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தட்டும் என்று கெஞ்சினேன். பழைய விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவர் தொல்லை கொடுக்க ஆரம்பித்தால் உடனே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். தொல்லை கொடுப்பதை நிறுத்தினால்? நிம்மதியாக டிவி பார்க்கிறோம்.

பார்வை திரும்பியது. இமையும் மெல்ல ஏறியது. இனி ஆயுசுக்கும் ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொல்லியிருக்கிறபடி கூட்ட வேண்டும். எல்லாம் எழுதிய அட்டை ஒன்று அவருடைய பர்ஸிலும் இன்னொன்று என் கைப்பையிலும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்தும் பல வாரம் மனிதர் வாயே திறக்கவில்லை. கேட் திறந்தே கிடந்தது — நான்தான் வேண்டுமென்றே திறந்து வைத்தேன். குழம்பில் உப்பைக் குறைத்தேன். ஒரு முனகல்கூட இல்லை.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்தத் தேத்தண்ணி.

இந்த ஞாயிறு சபையில் மறுபடி எழுந்து நின்றேன். "என் வீட்டுக்காரரு பழையபடி கத்துறாரு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போனேன்…

மூன்றாவது வரிசையிலிருந்து, மைக் இல்லாமலே சபை முழுக்கக் கேட்டது: "சுருக்கமா சொல்லிட்டு வா புள்ள, மாத்திரைக்கு நேரமாச்சு!"