மூக்குக்காகக் குடித்த பீர்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்தரை மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். இரண்டு டம்ளர் காபி கலந்து, ஒன்றைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தொடாமல் மூடி வைத்தேன். அன்று என் நாக்கும் மூக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். சித்தூருக்கு வெளியே நான் வேலை பார்க்கும் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் பத்து மணிக்கு எனக்குப் பரீட்சை.

நாற்பத்தொன்பது வயதில் என்ன பரீட்சை என்று கேட்பீர்கள். நான் அங்கே ருசி பார்க்கிறவள். ஒவ்வொரு லாட் கூழையும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியையும், சின்னக் கோப்பையில் எடுத்து, முதலில் முகர்ந்து, பிறகு நாக்கில் வைத்து, அடிபிடித்திருக்கிறதா, புளிக்கத் தொடங்கிவிட்டதா என்று சொல்ல வேண்டும். இனிப்பையும் புளிப்பையும் மெஷின் எண்ணாகக் காட்டிவிடும். வாசனையை ஆள்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் எனக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும் வேண்டுதலை முடிக்கத் திருமலைக்குப் போனோம். இறங்கும்போது பஸ்ஸில் என் மடியில் லட்டுப் பை. பக்கத்தில் இருந்த பெண் கண்ணை மூடி, "பச்சைக் கற்பூரம் எப்படி மணக்குது பாருங்க" என்றாள். பையை மூக்கில் வைத்து அழுத்தினேன். ஒன்றுமே இல்லை.

மறுநாளே திருப்பதியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தோம். "மோப்பம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். விதவிதமான வாசனைகளை விடாமல் முகர்ந்து பழகுங்கள்" என்றார். தொழிற்சாலையில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அடுத்த சீசனில் ஒரு பரீட்சை, தேறினால் ருசி மேஜை, தேறாவிட்டால் கடைசிவரை ஸ்டோர் என்றார் மேனேஜர். நல்ல மனிதர். அவருக்கும் வேறு வழியில்லை.

வீட்டில் லவங்கம், எலுமிச்சை, தைலம் என்று முகர்ந்து பார்த்தேன். எல்லாமே வெறும் காற்று. அப்போதுதான் என் தம்பி போன் செய்தான். பெங்களூரில், தாங்களே சின்னச் சின்ன டேங்குகளில் பீர் காய்ச்சி விற்கும் ஓர் இடத்தில் அவனுக்குக் காய்ச்சுகிற வேலை.

"எக்கா, லவங்கத்த மோந்துகினு ஊட்லயே குந்திகினு இருந்தா வேலைக்காவாது. இங்க வா. டேங்குக்கு ஒரு வாசன கீது."

"பீரா? நைனா இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாரு தெரியுமா?"

"இன்னா சொல்வாரு? எனக்கு முந்தி வந்து குந்தியிருப்பாரு. எக்கா, பீர உண்டாக்குற ஈஸ்ட்டுதான் உன் கூழையும் புளிக்க வைக்குது. அந்த வாசன தெரிஞ்சா போதும், உன் மேஜை உனக்குத்தான்."

கடைசியில் சொன்னானே, அது என்னைக் கிளப்பிவிட்டது. ஜூலை முதல், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பெங்களூர் பஸ். துணைக்குக் கணவர். மேஜையில் சின்னச் சின்னக் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக வரும். பொன்னிறம், செம்பு நிறம், கறுப்பு. ஒவ்வொன்றையும் முகர்வேன், ஒரு வாய் விழுங்குவேன், டைரியில் எழுதுவேன். மீதியைக் கணவர் பார்த்துக்கொள்வார்.

"உனக்கோசரம்தான்மே குடிக்கிறேன்" என்று ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் சொல்லிக்கொள்வார்.

டைரியில் கட்டம் போட்டிருந்தேன். தேதி, பீரின் பெயர், நிறம், என்ன வாசனை வரும் என்று தம்பி சொன்னது, எனக்கு என்ன தெரிந்தது. கடைசிக் கட்டத்தில் மாதக்கணக்கில் ஒரே வார்த்தைதான்: இல்லை.

ஒரு நாள் கணவர் எட்டிப் பார்த்தார். "சும்மா ஒண்ணு எழுதேன்மே. பக்கம் பார்க்கவே பாவமா கீது."

"தெரியாதத எழுதினா தெரியும்போது எப்படி நம்புறது?" என்றேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, கலங்கலான கோதுமை பீர். டம்ளரை மூக்கருகில் கொண்டுபோனேன். எங்கோ தூரத்தில், தோல் கறுத்த வாழைப்பழம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். இருந்தது.

"டேய், வாழப்பழம்டா!"

தம்பி மேஜையைத் தட்டிக் கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் முகம் மட்டும் வாடியது. "அப்போ இனிமே வரத் தேவையில்லையா?"

தேவை இருந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கறுப்பு பீரில் வறுத்த காபிக்கொட்டை, இன்னொன்றில் ஆரஞ்சுத் தோல். ஏப்ரலில், இன்னும் பக்குவமாகாத டேங்கிலிருந்து தம்பி ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தான். நறுக்கிய பச்சை ஆப்பிள், அதற்கடியில் புளித்த மாவு. "இதுதாங்கா பச்சை பீர். ஈஸ்ட்டு வேலைய ஆரம்பிச்ச வாசன" என்றான். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் முதலில் அதைக் கேட்டு வாங்கி முகர்ந்தேன்.

அந்தச் சனிக்கிழமைப் பரீட்சை இதுதான். ஒரு தட்டில் மூன்று கோப்பைக் கூழ். எது வேறு என்று சொல்ல வேண்டும். தட்டுகள் மாறி மாறி வந்தன. எல்லாம் சரியாகச் சொன்னேன். கடைசித் தட்டில் மூன்றையும் முகர்ந்துவிட்டு இடப்பக்கக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"இது புளிக்க ஆரம்பிச்சிருக்கு சார்."

மேனேஜர் முகம் இறங்கியது. "அம்மா, இதுல வித்தியாசமே கிடையாது. மூணும் ஒரே லாட், நல்ல கூழ். இல்லாததை இருக்குன்னு சொல்றீங்களான்னு பாக்கத்தான் வச்சோம்." அவரும் முகர்ந்தார், ஆய்வகப் பெண்ணும் முகர்ந்தாள். இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எண்களும் சரியாகவே இருந்தன. "மாத்திச் சொல்றீங்களா?"

நல்ல கூழைக் கெட்டது என்று சொல்பவளை அந்த மேஜையில் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். மறுபடி முகர்ந்தேன். அதே பச்சை ஆப்பிள்.

"இல்ல சார். மூணும் ஒரே டிரம்மா?"

"லாட்தான் ஒண்ணு. டிரம் வேற வேற."

"அப்போ அந்த டிரம்மப் பாருங்க."

அவர் டிரம் எண்களைக் குறித்துக்கொண்டார். மூன்று கூழையும் தனித்தனி பாட்டில்களில் மூடி, புளிப்பு இருந்தால் சீக்கிரம் காட்டிவிடும் வெதுவெதுப்பான பெட்டியில் வைக்கச் சொன்னார். அந்த லாட் திங்கட்கிழமை கப்பலுக்குக் கிளம்ப வேண்டியது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தலையில் கை வைத்தார். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வரவேண்டியதுதானே. ஒரு வருசம் குடிச்சதெல்லாம் வீணாப் பூட்ச்சே!"

"குடிச்சது நீங்க. மோந்தது நான்" என்றேன்.

மறுநாள் ஞாயிறு, சீசனில் எங்களுக்கு விடுமுறை கிடையாது. காலை முதல் வேலையாக, ஸ்டோருக்குப் போகாமல் நேராக ஆய்வகத்துக்குப் போனேன். மேனேஜர் எனக்கு முன்பே வந்து பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். இரண்டு பாட்டில்கள் வைத்தபடியே இருந்தன. மூன்றாவதில் கூழ் நுரைத்துக் கழுத்துவரை ஏறியிருந்தது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்றது, அறை முழுக்கப் புளித்த வாடை. அந்த ஒரு டிரம்மை ஒதுக்கச் சொல்லி போன் செய்துவிட்டு, ருசி மேஜையின் நாற்காலியைத் தன் கையால் இழுத்துப் போட்டு, "கூர்ச்சோண்டி அம்மா" என்று தெலுங்கிலேயே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். உண்டு என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நானே நம்பி நிற்க முடிந்ததற்குக் காரணம், அத்தனை மாதம் பொய் கலக்காமல் எழுதிய அந்த இல்லைகள்தான் என்று இன்றும் ஒவ்வொரு கோப்பையையும் கையில் எடுக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.